தையல் போட்ட வாய்க்கு என்ன வேலை

கிளினிக் சாவியை நிவேதாவிடம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும், பழக்க தோஷத்தில் நேரத்துக்கு எழுந்து குளித்துச் சேலை கட்டித் தயாராகிவிட்டேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போதுதான் போவதற்கு இடம் இல்லை என்பது உறைத்தது. அன்றைக்கு நான் அழவில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்வானேன், அழுதேன்.

நிவேதா உங்களுக்குப் பெரிய டாக்டர். எனக்கு என்றைக்கும் சின்ன டாக்டர்தான். படிப்பு முடித்த கையோடு என்னிடம் வந்து சேர்ந்தவள், இப்போது உங்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். "புதுசா வந்த பசங்க ஞானப்பல் எடுக்கறதெல்லாம் நல்லா எடுக்கறாங்க மேம். எடுத்ததுக்கு அப்புறம் என்ன பண்ணணும்னுதான் தடுமாறறாங்க. ஏதாவது எழுதிக் குடுங்க" என்றாள். புத்தகத்தில் இருப்பதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு வாயைப் பற்றி.

ஆரணிக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு ஊரில் நோயாளி தையலைப் பார்த்தால் பயப்படுவார். இந்த ஊரில் குறை சொல்வார். நாம் வாயில் போடும் கறுப்பு நூல் பட்டு நூல் என்று சொல்லிவிட்டால் போதும், வலி எல்லாம் பறந்துவிடும். "நெஜமாவே பட்டா? சாயம் போவாதா? முடிச்சு ஏன் இம்மாம் பெருசா போட்டுகிறீங்க?" என்று கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரணை நடத்துவார்கள். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய என் கை, இங்கே வந்த புதிதில் எத்தனை தறிக்காரர்களிடம் மூக்குடைபட்டது என்பதை நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

அந்த விசாரணைகள் எனக்கு இப்போது இல்லை என்பதுதான் பெரிய குறை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கிராம்பு எண்ணெய் வாசனை முகத்தில் அடிக்கும். தேவிகாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார்கள். பின்தெருவில் விசைத்தறிகள் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் நான் எல்லோரிடமும் பேசுவேன். வீட்டிலும் அப்படியே கத்துகிறேன் என்று என் கணவருக்கு இன்றுவரை புகார் உண்டு.

நாம் சொல்லும் அறிவுரைகள் உங்களுக்கு மனப்பாடம். பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள், துப்பாதீர்கள், சூடாகச் சாப்பிடாதீர்கள், எதையும் உறிஞ்சாதீர்கள், நாக்கால் துழாவாதீர்கள், மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். கொப்பளிக்க வேண்டாம், வாயில் வைத்துச் சாய்த்தால் போதும். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, தேசூரிலிருந்து வந்த ஒருவர், தையல் நாக்கில் உறுத்துகிறதென்று நகவெட்டியை எடுத்துத் தானே வெட்டிக்கொண்டார். இன்னொருவர் தையலோடு பிரியாணி விருந்துக்குப் போய்விட்டு, "மெதுவாத்தான் சாப்ட்டேன்" என்றார். இவர்களைத் திட்டுவது சுலபம். நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டு, அப்படியும் காயம் ஆறாமல் வந்து உட்கார்ந்த ஒருத்தியிடம்தான் எனக்குத் திட்டவும் வழியில்லாமல் போனது.

அவள் பெயர் வசந்தா. கல்யாண வயதில் பெண் இருந்தாள். பிறந்ததிலிருந்து தறி. கல்யாணமான பிறகும் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுப்புடவை நெய்துகொண்டிருந்தாள். கணவர் ஏழுமலைக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேவிகாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம், களம்பூரில் அரிசி மில்லில் வேலை. தினம் பஸ்ஸில் போய் வருவார். அவர் சட்டையைத் தட்டினால் தவிடு பறக்கும்.

வசந்தா என்னிடம் வந்தபோது வலப்பக்கக் கன்னம் வீங்கி, வாய் பாதிதான் திறந்தது. கீழ்வரிசை ஞானப்பல் சாய்ந்து, ஈறுக்கடியில் சீழ் வைத்திருந்தது. "இத்தினி நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று ஊர்ப் பேச்சிலேயே அதட்டினேன். கோபம் வந்தால் எனக்கும் அப்படித்தான் வரும்.

"பொண்ணு கல்யாணம் டாக்டரம்மா. முகூர்த்தப் புடவை தறியில கீது. அதை அறுத்துட்டு வரலாம்னு இருந்தேன்" என்றாள்.

நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதை இங்கே அறுப்பது என்பார்கள். நான் புரியாமல், "புடவைதானே, கடையில எடுத்துக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். வாயைத் திறக்கவே முடியாத அந்த நிலையிலும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"இத்தினி வருசமா ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் நான்தான் நெய்ஞ்சு குடுத்தேன். யார் யாரோ கட்டிகினாங்க. எம் பொண்ணு கடையில போயி எடுக்கணுமா?" என்றாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. பெண் பிறந்தபோதே மனதில் முடிவு செய்த நிறமாம். அந்தத் தறியில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்றும் வைத்திருந்தாள். கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

சீழ் வடிய மருந்து கொடுத்து, வீக்கம் வற்றியதும் பல்லை எடுத்தேன். அந்த வயதில் எலும்பு இறுகியிருக்கும். கொஞ்சம் போராடித்தான் எடுத்தோம். தையல் போட்டேன். அவளும் கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, "தேவல" என்றாள். இந்த ஊரில் அது பெரிய பாராட்டு.

அறிவுரை எல்லாம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவளிடம் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். "பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும் மா. அதுதான் காயத்துக்கு மூடி. அது கழண்டு வந்துட்டா உள்ளே எலும்பு வெறுமனே நிக்கும், உயிர் போற மாதிரி வலிக்கும். தையல் அந்த மூடிக்குக் காவல். நீங்க உறிஞ்சினாலோ துப்பினாலோ மூடி கழண்டுக்கும்." அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பரீட்சை வைத்திருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பேன். வேண்டுமானால் உட்கார்ந்து நெய்யலாம், அலுப்பாக இருந்தால் நிறுத்திவிடுங்கள் என்று அனுப்பினேன்.

சில நாளில் காதுவரை வலி என்று வந்தாள். வாயைத் திறந்ததும் வாடை. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், குழியில் இருக்கவேண்டிய ரத்தக்கட்டி இல்லை. எலும்பு வெளுத்துத் தெரிந்தது. மெதுவாகக் கழுவி, கிராம்பு மருந்து தோய்த்த பஞ்சை உள்ளே வைத்தேன். சற்று நேரத்தில் முகம் தெளிந்து போனாள். ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள்கூடச் சரியாகப் போகவில்லை, திரும்பி வந்தாள். நான் வைத்த மருந்துப் பஞ்சைக் காணோம். ஒரு தையல் தளர்ந்து நூல் தொங்கியது. திரும்ப வைத்து அனுப்பினேன். அதுவும் போய்விட்டது.

நானும் நிவேதாவும் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

"ஸ்ட்ரா போட்டுக் குடிச்சீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. எளநீ கூட டம்ளர்ல ஊத்தித்தான் குடிச்சேன்."

"காறித் துப்பினீங்களா? வெத்தலை, பாக்கு?"

"சத்தியமா இல்ல."

"எலும்பு, மாங்கொட்டை எதையாவது உறிஞ்சினீங்களா?"

"கஞ்சியும் ரசஞ்சாதமுந்தான்."

பொய் சொல்கிறாளோ என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. நோயாளி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது நமக்கு ரொம்பச் சௌகரியம், அதற்கு மேல் யோசிக்கவேண்டியதில்லை. ஆனால் பொய் சொல்பவர்கள் கண்ணை எங்கேயோ வைத்துக்கொள்வார்கள். இவள் என்னை நேராகப் பார்த்து, எங்கே தப்பு செய்தோம் என்று என்னிடமே தேடினாள்.

அடுத்த முறை மூன்று பேருமாக வந்தார்கள். வசந்தா கன்னத்தைக் கையால் தாங்கியபடி வந்தாள். பெண் சுகன்யா அழுது சிவந்த கண்ணோடு பின்னால் நின்றாள். முன்னால் ஏழுமலை.

"ராவெல்லாம் தூக்கம் இல்ல டாக்டரம்மா. வலியோட எழுந்து போயி தறியில குந்திக்கிறா. நெய்யவும் முடியல, எழுந்திருக்கவும் மாட்டேன்றா. புடவை பாதியில நிக்குது. கல்யாணத்துல இவ இப்டி மூஞ்சைப் புடிச்சிகினு நிக்கப் போறாளா? இன்னிக்கு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லன்னா வேலூருக்கு இட்டுகினு போறேன்" என்றார்.

அவர் குரல் வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு பெண்மணி தன் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சின்ன ஊர். ஒரு வாய் ஆறவில்லை என்றால் நூறு வாய் பேசும்.

உள்ளே நிவேதா கையுறை மாட்டித் தயாராக நின்றாள். "மேம், மரத்துப்போக ஊசி போட்டு, குழியைச் சுரண்டிப் புது ரத்தம் வர வெச்சு, திரும்பத் தையல் போட்டுடலாம்" என்றாள். தட்டில் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். தையல் பொட்டலத்தைக்கூடப் பிரித்துவிட்டிருந்தாள்.

தம்பிகளா, தங்கச்சிகளா, அந்த நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெளியே குடும்பம் காத்திருக்கிறது. ஏதாவது செய் என்று எல்லோரும் நம் கையைப் பார்க்கிறார்கள். கையில் கத்தரியும் ஊசியும் இருந்தால் நமக்கே ஒரு தெம்பு வந்துவிடும். சுரண்டித் தைத்துவிட்டால் ஏழுமலைக்கும் திருப்தி, எனக்கும் பேர். ஆனால் வெந்த புண்ணைத் திரும்பக் கிளறினால் திரும்ப வீங்கும், திரும்ப வாய் கட்டிக்கொள்ளும், கல்யாணத்துக்கு இருக்கிற கொஞ்ச நாளும் போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. முதல் தையலைத் தளர்த்தியது எதுவோ அது இரண்டாவதையும் தளர்த்தும். அது எது என்று எனக்குத் தெரியவில்லை.

என் தயக்கத்தைப் பார்த்து நிவேதா, "மேம்?" என்றாள். "ஒரு நிமிஷம் இரு" என்றேன். நாற்காலியில் சாய்ந்திருந்த வசந்தாவுக்கு எங்கள் கவலை எதுவும் இல்லை. தலையைத் திருப்பித் தட்டில் இருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இந்த ஊசிக்குக் காதே இல்லியே? நூலு எப்டி உள்ள போச்சு?"

"அது கம்பெனியிலேயே ஊசியோட சேர்த்துத்தான் மா வருது. கோக்க வேண்டியதே இல்ல" என்றாள் நிவேதா.

"நல்லாத்தான் கீது" என்றாள் வசந்தா, வலிக்கு நடுவிலும் ஒரு தொழில்காரியின் பொறாமையோடு. "எங்க நாடாவும் இப்டி வந்தா தேவலாம். ஒவ்வொரு வாட்டியும் வாயை வெச்சு இழுக்கற பேஜார் இல்ல."

நான் திரும்பினேன். "என்ன மா சொன்னீங்க? எதை வாயை வெச்சு இழுக்கறீங்க?"

நாடா என்பது படகு மாதிரி இருக்கும் சின்ன மரக்கட்டை. தறியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுவது அதுதான். அதன் வயிற்றில் நூல் சுற்றிய குச்சி, தார் என்பார்கள், உட்கார்ந்திருக்கும். நூலின் முனை நாடாவின் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாக வெளியே வரவேண்டும். தார் தீர்ந்து புதுத் தார் போடும்போதெல்லாம் அந்தத் துளையில் உதட்டை வைத்து ஒரே இழுப்பு. நூல் நாக்குக்கு வந்துவிடும். எனக்கு விளக்க வேண்டும் என்று வசந்தா கையைக் குவித்து உதட்டருகே கொண்டுபோய், கன்னம் இரண்டும் குழிவிழ இழுத்துக் காட்டினாள். இழுத்த வேகத்தில் "யம்மா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நானும் நிவேதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி?"

"அதை யாரு எண்ணுனா? தார் மாத்தும்போதெல்லாம். நூலு அறுந்தா அப்பவும்."

"நான்தான் எதையும் உறிஞ்சக் கூடாதுன்னு சொன்னேனே மா!"

அவள் நிஜமாகவே திகைத்துப் போனாள். "இது உறிஞ்சறதா டாக்டரம்மா? இது தறி வேலையாச்சே!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆரணியில் இத்தனை காலம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தறி பார்த்திருக்கிறேன். ஆனால் விருந்தாளியாகப் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா வந்துவிட்டால் தறியை நிறுத்திவிட்டு காபி போடப் போய்விடுவார்கள். ஓடாத தறியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாம் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். எல்லாம் சாப்பிடுகிற வாய்க்கான கேள்விகள். இவளுடையது வேலைக்குப் போகிற வாய்.

அந்த இழுப்பு ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன். வயதும் இருந்தது, பழைய சீழும் இருந்தது. ஆனால் உள்ளே வைத்த மருந்தை நாள் முழுக்க ஒருத்தி இழுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் காயம் ஆறும்? "தட்டை மூடு" என்று நிவேதாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் இல்லை, நிம்மதிதான். குழியைக் கழுவி, புதிதாக மருந்து வைத்து, தளர்ந்த நூலை மட்டும் வெட்டி எடுத்தோம். மற்றத் தையல் கெட்டியாக நின்றது.

பிறகு குடும்பத்தை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஆறுகிற வரைக்கும் இவங்க நாடாவில் வாய் வைக்கக் கூடாது" என்றேன்.

வசந்தா நாற்காலியை விட்டே இறங்கிவிட்டாள். "அப்ப புடவை?"

"கம்பி எதையாவது விட்டு நூலை இழுக்கலாமே?"

"பட்டு டாக்டரம்மா. கம்பி பட்டா பிசிறு அடிக்கும். இந்தப் புடவையில ஒரு பிசிறு நான் உட மாட்டேன்."

"சுகன்யா இழுத்துக் கொடுக்கட்டும்."

"ஐயோ! கட்டப்போற பொண்ணு அந்தத் தறிமேல கை வெக்கக் கூடாது. எங்க ஊட்டு வழக்கம்." சுகன்யாவும் அதற்கு வேகமாகத் தலையாட்டினாள்.

"பக்கத்து வீட்டில்?"

"அவுங்கவுங்க தறியை உட்டுட்டு என் பக்கத்துல வந்து குந்திகினு இருப்பாங்களா?"

மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தோம். ஏழுமலை தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"இந்தாளு வாயா?" என்றாள் வசந்தா. அவ்வளவு வலியிலும் அவள் முகத்தில் வந்த அருவருப்பை நான் என்ன சொல்ல. "டாக்டரம்மா, நீங்களே அந்த வாயைத் தொறந்து பாருங்க. எந்நேரமும் பொகையில. மாம்பழ மஞ்சளு நூலு அந்த வாயில போயி வந்தா இன்னா ஆவும்? எம் பொண்ணு கறையோட மணையில குந்தணுமா?"

ஏழுமலை கன்னத்தில் அடக்கியிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். என் கிளினிக்குக்குள்ளேயே அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் முகம் சுருங்கிவிட்டது. பெண் எதிரே, சின்ன டாக்டர் எதிரே. வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார், இனி வேலூர்தான் என்று நினைத்தேன். வாசலில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து என் மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

"எப்டி இழுக்கறதுன்னு சொல்லிக் குடு" என்றார் மனைவியிடம்.

உண்மையைச் சொல்கிறேன், நான் நம்பவில்லை. புகையிலையை விடுங்கள் என்று எத்தனையோ பேரிடம் தலைகீழாக நின்று சொல்லியிருக்கிறேன். பயமுறுத்தும் படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒருவர்கூட என் குப்பைக் கூடையில் போட்டதில்லை. சாயங்காலமே இன்னொரு பாக்கெட் வாங்கிவிடுவார் என்று நிவேதாவிடம் சொன்னேன்.

மருந்து மாற்றும் நாளுக்கு அவர்கள் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன். இந்த முறை தறி நிற்கவில்லை. யாரும் காபி போட எழுந்திருக்கவும் இல்லை. வசந்தா தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு நெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தகர டின் மேல் ஏழுமலை. மடியில் துண்டு, கையெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"வேலைக்குப் போகலையா?" என்றேன்.

"மில்லுல சொல்லி மத்தியான ஷிப்டுக்கு மாத்திகினேன் டாக்டரம்மா. இன்னிக்கு வரணும்னுதான் இருந்தோம். புடவை முந்தானைக்கு வந்தாச்சு, எழுந்திருக்க மாட்டேன்றா."

தார் தீர்ந்தது. தறி நின்றது. வசந்தா புதுத் தாரை நாடாவில் பொருத்தி அவரிடம் நீட்டினாள். நீட்டியதைக் கொடுக்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வாயைத் தொற" என்றாள். ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். நாக்கை நீட்டச் சொன்னாள். கன்னத்தை விலக்கிக் காட்டச் சொன்னாள். நான் முப்பது வருஷம் செய்த வேலையை என்னைவிடக் கறாராகச் செய்தாள். பிறகுதான் நாடா கைமாறியது. அவர் துளையில் உதட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். முதல் தடவை நூல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்த வேகத்தில் தொண்டைவரை போய், இருமி, கண்ணில் தண்ணீர் வந்தது.

"மெதுவா. இன்னா ஜல்தி? மில்லுல மூட்டையா தூக்கற?" என்றாள். ஆனால் நூல் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்தியாக நாடாவைத் தறியில் ஓட்டினாள். இதெல்லாம் முடியும்வரை நான் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். வந்த டாக்டரை உட்காரச் சொல்லாதது எனக்கு அன்று அத்தனை சந்தோஷமாக இருந்தது. உள்ளே வைத்த பஞ்சு வைத்தபடியே இருந்தது. வாடை இல்லை. எலும்பின் மேல் சதை சிவப்பாக ஏறத் தொடங்கியிருந்தது.

புடவை என்ன ஆயிற்று என்று உங்களுக்கு மனம் அடித்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு நானும் நிவேதாவும் போயிருந்தோம். சுகன்யா மாம்பழ மஞ்சளில் மணையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை உற்றுப் பார்த்தும் ஒரு பிசிறோ ஒரு கறையோ என் கண்ணுக்குத் தெரியவில்லை. வசந்தா வருகிறவர்களிடமெல்லாம் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தையல் போட்டு முடித்ததும் எல்லோரிடமும் நான் ஒரு கேள்வி கேட்பேன். காலையில் எழுந்ததிலிருந்து உங்கள் வாய்க்கு என்னென்ன வேலை? கேட்டுப் பாருங்கள், வியந்துபோவீர்கள். நாதஸ்வரக்காரர் வந்தார், பலூன் விற்பவர் வந்தார், உதட்டில் ஆணியை அடுக்கி வைத்துக்கொண்டே வேலை செய்யும் தச்சர் வந்தார். யாரும் தானாகச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது வாயே இல்லை, தொழில். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆனால் எனக்கு இந்த ஓய்வில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது கல்யாணம் அல்ல. அதற்கு முன்பு, வசந்தாவின் மிச்சத் தையலைப் பிரித்த நாள். புடவையில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. நூலை வெட்டி எடுத்துப் பஞ்சில் வைத்தேன். காயம் அழகாக மூடிக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "அருமையா ஆறிகிட்டு வருது மா. இன்னும் கொஞ்ச நாள் போனா நீங்களே பழையபடி நாடாவில வாய் வைக்கலாம்" என்றேன்.

ஏழுமலை கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வசந்தா அவர் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அதை அவருகிட்ட சொல்லிடாதீங்க டாக்டரம்மா" என்றாள் ரகசியக் குரலில். "இத்தினி வருசம் நான் அழுது பாத்துட்டேன், சண்டை போட்டுப் பாத்துட்டேன், உடவே இல்ல. இப்பத்தான் வாயில ஒண்ணும் வெச்சிக்காம கீறாரு. பக்கத்துலயும் குந்திகினு கீறாரு. இது முடிஞ்சதும் அடுத்த புடவைக்குப் பாவு ஏத்தப் போறேன். இன்னும் வேணாம்னு சொல்லுங்களேன்."

நோயாளியின் வீட்டாரிடம் நான் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அது என் கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிவேதா தட்டைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள். நான் கதவைத் திறந்து ஏழுமலையை உள்ளே கூப்பிட்டேன்.

"மேலதான் ஆறியிருக்கு. உள்ளே எலும்பு ரொம்பி வர மாசக்கணக்கில் ஆகும்" என்றேன். இது புத்தகத்தில் இருப்பதுதான். "அதுவரைக்கும் இவங்க நாடாவை உறிஞ்சவே கூடாது" என்றேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"மாசக்கணக்குலயா?" என்றார் ஏழுமலை. நாக்கால் தன் கன்னத்தின் உள்பக்கத்தை, வெறுமையாக இருந்த அந்த இடத்தை, ஒருமுறை துழாவினார். மனைவியைப் பார்த்தார். வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இன்னா பண்றது" என்று அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "எழுந்து வா. போயி தார் போடலாம்."